விரல்ரேகையும் விலக்கப்பட்ட உடலும்: தேவ்நார் வட்டாரத்தை முன்னிறுத்தி ஓர் அறவரலாற்று நோக்கு

மும்பைப் பெருநகரின் கிழக்கோரத்தில் அமைந்த தேவ்நார், மாநகராட்சியின் கிழக்கு எம் வட்டத்தைச் சார்ந்தது. 1927 முதல் நகரின் குப்பை கொட்டப்பட்டுவந்த மேடு இங்குள்ளது. டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1954-இல் தன் வளாகத்தை இங்கு அமைத்துக்கொண்டது. தேசியக் குடும்பநல ஆய்வுகளை நடத்திவரும் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் (1956) கோவண்டி நிலையச் சாலையில் இதே ஊரில்தான் இயங்குகிறது. 2009-ஆம் ஆண்டின் மும்பை மனிதவள மேம்பாட்டு அறிக்கை, நகரின் வட்டங்கள் அனைத்திலும் கடைசி இடத்தில் கிழக்கு எம் வட்டத்தை வைத்தது. மனிதரை எண்ணும் நிறுவனமும் எண்ணிக்கையில் கடைசியாக வந்த மக்களும் அண்டை வீட்டார்போல வாழுமிடம் இது.

தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய மூன்றும் மும்பைத் தமிழர் வரலாற்றில் அடிக்கடி பேசப்படுவன. தேவ்நாரும் அதனை அடுத்த மான்குர்த், டிராம்பே பகுதிகளும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆயினும் நகரம் தன்னிடமிருந்து விலக்க விரும்பியவற்றையெல்லாம் கிழக்கு நோக்கித் தள்ளிய வரலாற்றில் இவ்வட்டாரத்துக்கு நீங்கா இடம் உண்டு. அவ்வாறு தள்ளப்பட்டோருள் உடற்குறை உடையோரும், குறிப்பாகத் தொழுநோயால் தாக்குண்டோரும் அடங்குவர்.

ஒருவரை ‘இன்னார்’ என மெய்ப்பிக்கும் தொழில்நுட்பங்கள் அவர்களை எவ்வாறு நடத்தின என்பதே இக்கட்டுரையின் பொருள். கைரேகை முதல் கருவிழிப் பதிவு வரை, அதிலிருந்து கண்சிமிட்டலைக் கோரும் கைப்பேசிச் செயலி வரை, ஒவ்வொரு கருவியும் குறையற்ற உடலை முன்முடிவாகக் கொண்டே வடிவமைக்கப்பட்டது. அவ்வுடல் வாய்க்காதவர்க்கான வழி பின்னரே, விதிவிலக்காக எழுதப்பட்டது. அவ்விலக்கைக் கேட்டுப் பெறும் சுமையும் அவர்மீதே விழுந்தது. தொழுநோயை இங்கு முன்னிறுத்துவதற்குக் காரணம் உண்டு. அரசு எந்த உறுப்புகளை அடையாளமாகத் தேர்ந்ததோ அதே உறுப்புகளைத்தான் அந்நோய் தாக்குகிறது.

பொறி என்னும் சொல்

‘பொறி’ என்னும் சொல்லின் பொருள்விரிவு இவ்வாய்வுக்குப் பெரிதும் துணைநிற்பது. ஐம்பொறி என்னுமிடத்து அது உறுப்பு. புலிப்பொறி என்னுமிடத்து முத்திரை. பொறியியல் என்னும் இக்காலச் சொல்லில் இயந்திரம். ஆள்வினையுடைமை அதிகாரத்தின் எட்டாம் குறளில் (618) இச்சொல் இன்மையோடு சேர்ந்து வருகிறது. பரிமேலழகர் அதற்கு விதி எனப் பொருள் கொண்டார். மணக்குடவர் உறுப்பு எனக் கொண்டார். மணக்குடவர் உரைவழி நோக்கின், உறுப்பில்லாமை யார்க்கும் பழியாகாது என்பது அக்குறளின் முற்பகுதி தரும் கருத்து. பரிமேலழகர் கொண்ட பொருள் பெருவழக்காயிற்று எனினும், உடற்குறையை ஊழின் தண்டனையாகக் கருதும் மனநிலைக்கு மறுப்பாக மணக்குடவர் உரையைப் படிக்க இடமுண்டு. புறநானூற்று 28-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் எண்வகை எச்சங்களை அடுக்கி, அவற்றைப் பயனற்ற பிறப்பு என்னும் வழக்கினைச் சுட்டுவதையும் இதனோடு வைத்து ஒப்பிடலாம். உடற்குறையைத் தமிழ் மரபு ஒரே குரலில் பேசவில்லை என்பது இவற்றால் புலனாகும்.

உறுப்பு முத்திரையாகி, முத்திரையை இயந்திரம் படிக்கத் தொடங்கிய காலத்தில் அச்சொல்லின் மூன்று பொருளும் ஓரிடத்தில் வந்து கூடின.

கைநாட்டின் வரலாறு

கைரேகையை ஆட்சிக் கருவியாக்கிய முயற்சி இந்தியாவில் தொடங்கியது. வங்காளத்தின் ஜங்கிப்பூரில் 1858-இல் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கிலேய அலுவலர், சாலைப்பணிக்குச் சரக்குத் தர ஒப்பிய ராஜ்யதர் கோனாய் என்பவரின் கைப்பதிவை ஒப்பந்தத்தின் பின்புறம் எடுத்துக்கொண்டார். பின்னாளில் அவர் தாம் போட்ட கையெழுத்தை மறுத்துவிடாமலிருக்கவே இந்த ஏற்பாடு. 1877-இல் ஹூக்ளியில் ஓய்வூதியம் பெறுவோர், பத்திரம் பதிவோர், சிறைப்பட்டோர் ஆகியோரிடம் விரல்பதிவு பெறும் முறையை ஹெர்ஷல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் நிறுவப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கு முறையில் அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இந்தியர் இருவரின் உழைப்பு கலந்திருந்தும், அது எட்வர்டு ஹென்றியின் பெயராலேயே உலகெங்கும் பரவியது. (பெயர்ப்பதிவுக்கென்றே கண்ட முறை, கண்டவர் பெயரை இப்படிப் பதிந்துகொண்டது.)

இம்முறையின் அடிப்படையில் ஓர் ஐயம் இருந்தது. குடிகளின் சொல் நம்பத்தக்கதன்று. அவர்தம் உடல் பொய் சொல்லாது என்பதே அது. பத்திரப் பதிவின் வழியாகத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கும் இம்முறை வந்து சேர்ந்தது. எழுதத் தெரியாதவர் இடக்கைப் பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றினார். ‘கைநாட்டு’ என்னும் சொல் செயலைக் குறித்த நிலையிலிருந்து ஆளைக் குறிக்கும் நிலைக்கு மாறி, எழுத்தறியாதவரை இகழும் வசையாகவும் வழங்கலாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்தவர்க்கு ஒப்பம், தெரியாதவர்க்கு ரேகை என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த இந்தப் படிநிலையை 2010-க்குப் பிறகான ஆதார் ஒரே வீச்சில் கலைத்தது. பேராசிரியரும் கைநாட்டு வைத்தாக வேண்டிய நிலை வந்தது. இதனைச் சமன்மை என்று கொள்வோரும் உளர். ஆனால் அச்சமன்மை விரல் உள்ளவர்க்கு இடையேயான சமன்மைதான்.

மாதுங்கா விடுதியும் இரண்டு சட்டங்களும்

மும்பை மாநகராட்சி ஆணையராக இருந்த ஹாரி அக்வொர்த், வீடற்ற தொழுநோயருக்கென மாதுங்காவில் 1890-இல் ஒரு விடுதியைத் தொடங்கினார். இன்று வடாலாவில் அக்வொர்த் தொழுநோய் மருத்துவமனை என வழங்குவது அதுவே. மாதுங்கா அந்நாளில் நகரின் விளிம்பு. தென்னிந்தியர் குடியேறிச் சங்கங்களும் பள்ளிகளும் கண்ட மாதுங்கா அதற்குப் பின்னர் உருவானது. தெருவில் இரந்துண்டோரை நகரின் பார்வையிலிருந்து அகற்றுவதும் அவர்க்கு உணவும் மருந்தும் தருவதும் ஆகிய இரண்டு நோக்கங்களும் இவ்விடுதியில் பிரிக்க இயலாதவாறு கலந்திருந்தன.

1898-ஆம் ஆண்டின் தொழுநோயர் சட்டம் இக்கலப்பைச் சட்டமொழியாக்கியது. அச்சட்டம் எல்லாத் தொழுநோயரையும் அடைக்கச் சொல்லவில்லை. வாழ்வழியற்ற, இரந்துண்ணும் தொழுநோயரையே அடைக்கச் சொன்னது. உணவுப் பண்டம் ஆக்கி விற்பது, பொதுக்கிணற்றில் நீராடுவது, பொது ஊர்தியில் ஏறுவது போன்றவற்றைத் தடுக்கவும் அது இடமளித்தது. செல்வர்க்கு வந்த நோய் மாளிகைக்குள்ளேயே இருந்தது. ஏழைக்கு வந்ததே குற்றமாயிற்று. இந்திய நாடாளுமன்றம் இச்சட்டத்தை நீக்கியது 2016-இல். மருந்தினால் இந்நோயைக் குணப்படுத்த முடியும் என நிலைபெற்று அதற்குள் பல பத்தாண்டுகள் கடந்திருந்தன. உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது 1980-களின் தொடக்கத்தில் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இரண்டாவது சட்டம், பம்பாய் இரத்தல் தடுப்புச் சட்டம், 1959. இச்சட்டத்தின் கீழ்ப் பிடிபட்டோரை வைக்கும் இல்லங்களுள் ஒன்று தேவ்நாரை அடுத்த செம்பூரில் இருந்தது. பிச்சை பெறும்பொருட்டுப் புண்ணையோ காயத்தையோ உறுப்புக் குறையையோ நோயையோ பிறர்க்குக் காட்டுவதும் ‘இரத்தல்’ என்பதன் வரையறைக்குள் வந்தது. தொழுநோயுற்றவரைத் தனி நிலையத்துக்கு மாற்றவும் இச்சட்டம் வழிசெய்தது. இல்லத்தில் வைக்கப்பட்ட ஒவ்வொருவரும் கேட்கும்போதெல்லாம் விரல்ரேகை தரவேண்டும் என்றும், மறுத்தால் அது சிறைத்தண்டனைக்குரியது என்றும் விதித்த பிரிவும் இதில் உண்டு. விரல் மழுங்கியவரையும் ரேகை தருபவரையும் ஒரே சட்டம் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்திருக்கிறது. சட்டத்தை வரைந்தோர் இம்முரணை எண்ணிப் பார்த்ததற்கான குறிப்பு அதன் வாசகத்தில் காணப்படவில்லை. தில்லிக்கு நீட்டிக்கப்பட்டிருந்த இச்சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளைத் தில்லி உயர்நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் செல்லாதனவாக்கியது.

தமிழ்ப் பொதுமனம் இக்காலத்தில் தொழுநோயை எவ்வாறு கண்டது என்பதற்கு எம். ஆர். இராதாவின் நடிப்பால் நிலைத்த ‘இரத்தக்கண்ணீர்’ (திரைவடிவம் 1954) ஒன்றே போதும். பகுத்தறிவுப் பேச்சால் மூடநம்பிக்கைகளைச் சாடிய அக்கலைஞரின் நாடகத்திலேயே நோய் ஒழுக்கக்கேட்டின் விளைவாக வருகிறது. அவ்வெண்ணம் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை இது காட்டும்.

வேலூரில் கண்ட கை

தொழுநோயில் விரல்கள் எவ்வாறு குறைகின்றன என்பதை விளங்கிக்கொள்ளாமல் மேலே செல்ல இயலாது. இதன் விடை தமிழகத்திலேயே கிடைத்தது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் இறுதியில் தொழுநோயரின் கைகளை ஆராயத் தொடங்கினார். நோய்க்கிருமி நரம்பைத் தாக்குகிறது. முழங்கையின் உட்புறமாகச் செல்லும் நரம்பு கெடும்போது விரல்கள் மடங்கி உணர்விழக்கின்றன. உணர்விழந்த விரல் அடுப்பில் சுட்டாலும் ஆணியில் கிழிந்தாலும் வலிப்பதில்லை. மீண்டும் மீண்டும் படும் காயத்தாலும் அழற்சியாலும் எலும்பு தேய்ந்து விரல் குறுகுகிறது. நோயால் சதை ‘அழுகி விழுகிறது’ என்று வழிவழியாக நம்பிய செய்தி உண்மையன்று என இவ்வாறு நிறுவப்பட்டது. பிராண்டும் அவர்தம் குழுவினரும் நல்ல நிலையிலுள்ள தசைநாணை இடம்மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை மீண்டும் இயங்கச் செய்தனர்.

அக்குழுவில் பயின்றவர் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954-இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கினார். அறுவை மருத்துவர் நின்றே பணிசெய்வார் என்னும் முன்முடிவை வேலூர் மருத்துவமனை மாற்றிக்கொண்டதனால் அது இயன்றது. மருத்துவத் தொழில்நுட்பம் இங்குக் குறைபட்ட கையிலிருந்து தொடங்கியது. அக்கைக்கு என்ன இயலும் என்று கேட்டது. கருவியையும் அதற்கேற்ப மாற்றியது. அடையாளத் தொழில்நுட்பம் இதற்கு நேர்மாறான திசையிலிருந்து வந்தது.

மும்பையில் இதே நோக்கோடு இயங்கியது பம்பாய்த் தொழுநோய்த் திட்டம் என்னும் தொண்டு நிறுவனம். மருத்துவர் ஆர். கணபதி 1976-இல் தொடங்கிய இது, தாராவி முதலிய குடிசைப்பகுதிகளில் நோயரை அவர்தம் வீட்டிலேயே கண்டறிந்து மருந்தளித்தது. அடைத்துவைக்கும் விடுதியிலிருந்து தெருவுக்கு மருத்துவம் இடம்பெயர்ந்த காலம் அது.

எண்ணிக்கையும் எண்ணப்படாமையும்

அதே 1976-இல் தேவ்நாரின் அண்மையில் வேறொன்று நிகழ்ந்தது. அணுசக்தி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி, நெருக்கடிநிலைக் காலத்தில் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 மக்கள் சீட்டா கேம்ப் என்னும் இடத்துக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். தமிழர் மிகுந்து வாழும் குடியிருப்பாக அது இன்றும் விளங்குகிறது. மகாராட்டிர அரசு அவ்வாண்டில் குடிசைகளைக் கணக்கெடுத்து, கணக்கில் வந்தோர்க்கு ஒளிப்படம் ஒட்டிய சீட்டு வழங்கியது. ‘போட்டோ பாஸ்’ என மக்கள் வழங்கிய அச்சீட்டு, மாற்றிடம் கோருவதற்கான சான்றுகளுள் ஒன்றாகப் பின்னர்ப் பல பத்தாண்டுகள் ஏற்கப்பட்டது. குடியிருப்புரிமை என்பது கணக்கெடுத்த நாளில் வீட்டில் இருந்தமைக்குக் கிடைக்கும் சான்றாயிற்று.

ஜனதா காலனி மக்களைத் திரட்டியவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழரான ஜாக்கின் அற்புதம் (மறைவு 2018). அவர் தொடங்கிய தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பு, குடிசைவாசிகள் தங்களைத் தாங்களே கணக்கெடுக்கும் முறையை வளர்த்தது. 1985-இல் மும்பை நடைபாதைவாசிகளைப் பற்றிய கணக்கெடுப்பை ஸ்பார்க் என்னும் அமைப்பு வெளியிட்டபோது, புலப்படாத நாங்கள் என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டது. 2000-இல் மகசேசே விருது பெற்ற ஜாக்கினின் பணியில் இக்கட்டுரைக்கு வேண்டியது ஒன்று. எண்ணுவதற்கான வினாக்களை எண்ணப்படுவோரே வகுத்தனர் என்பதே அது.

வினா மாறினால் விடை மாறும் என்பதற்கு உடற்குறை பற்றிய எண்களே சான்று. 2011-ஆம் ஆண்டின் இந்தியக் குடிக்கணக்கு, மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர் என்றும் மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு என்றும் தெரிவித்தது. அதே ஆண்டில் வெளிவந்த உலக நலவாழ்வு நிறுவன, உலக வங்கி அறிக்கை உலக மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு குறையுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. இந்தியர் உடல்நலத்தில் ஏழு மடங்கு சிறந்தவர் என்று இதற்குப் பொருள் கொள்வார் எவருமிலர். தேவ்நாரில் உள்ள மக்கள்தொகை நிறுவனம் நடத்திய ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில் (2019–21) உடற்குறை பற்றிய வினா இடம்பெற்றது. ஆறாம் ஆய்வில் (2023–24) அது நீக்கப்பட்டது. 2018-ஆம் ஆண்டு மாதிரிக் கணக்கெடுப்பில் அத்தரவு உள்ளது என்பது அரசு கூறிய காரணம். மாற்றுத்திறனாளர் அமைப்புகள் அதனை ஏற்கவில்லை. குடும்பநலம், ஊட்டச்சத்து, வன்கொடுமை ஆகியவற்றோடு உடற்குறையை இணைத்துக் காணும் வாய்ப்பு அவ்வினா இருந்தால்தான் உண்டு என்பதால், இம்மறுப்பு வலுவுடையதே.

விரலும் விழியும்

இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம் 2009-இல் நிறுவப்பட்டது. 2010 செப்டம்பர் 29 அன்று முதல் ஆதார் எண் மகாராட்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்திலுள்ள தெம்ப்லி என்னும் சிற்றூரில் வழங்கப்பட்டது. பத்து விரல்கள், இரண்டு கருவிழிகள், ஒரு முகம் என்பன இம்முறையின் அடிப்படை. வேறு எவ்விதச் சான்றும் இல்லாத ஏழைக்கு ஓர் அடையாளம் கிடைக்கும் என்பது இதன் முதன்மை நோக்கமாகச் சொல்லப்பட்டது. அது பொய்யன்று. ஊரும் உறவும் கைவிட்டதால் குடும்ப அட்டையில் பெயரற்றுப் போன தொழுநோயருக்கு, தம் பெயரில் ஓர் எண் கிடைப்பது சிறு செய்தியன்று. போலிப் பெயர்களால் பங்கீட்டுப் பொருள் களவு போனதும் உண்மையே. சிக்கல், அடையாளம் பெறுவதைக் காட்டிலும் அதனை ஒவ்வொரு முறையும் மெய்ப்பிப்பதில் எழுந்தது. 2016-ஆம் ஆண்டின் ஆதார்ச் சட்டம் ஏழாம் பிரிவின்வழி அரசு உதவிகளை ஆதாருடன் பிணைத்தது. பங்கீட்டுக் கடையில் ஒவ்வொரு மாதமும் விரல் வைக்க வேண்டியதாயிற்று.

சுண்ணாம்பு நீரில் தோல் பதனிட்ட கைகளிலும், குப்பைமேட்டில் நாளெல்லாம் பொறுக்கும் கைகளிலும், முதியோரின் கைகளிலும் ரேகை தேய்ந்திருக்கும். தாராவிக்கும் தேவ்நாருக்கும் இதனை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நடுவண் அரசின் 2016–17 பொருளாதார ஆய்வறிக்கையே அடையாளம் மெய்ப்பித்தல் தோல்வியுற்ற அளவைக் குறித்த மதிப்பீடுகளை எடுத்துக்காட்டியது: சார்க்கண்டில் 49 விழுக்காடு, இராசத்தானில் 37, குசராத்தில் 6, ஆந்திரத்தின் கிருஷ்ணா மாவட்டத்தில் 5. இந்த எண்களுக்கு இடையேயுள்ள இடைவெளி, தோல்வி உடலைச் சார்ந்தது மட்டுமன்று, கருவியையும் இணைப்பையும் ஆட்சியையும் சார்ந்தது என்பதை உணர்த்துகிறது.

தொழுநோயரின் நிலை இதனினும் கடினமானது. விரல் இல்லையேல் விழி என்பது கருவியின் மாற்றுவழி. தொழுநோயோ விழியையும் தாக்கும். முகநரம்பு கெட்டால் இமை மூடாது. மூடாத கண்ணில் தூசு படிந்து கருவிழிப்படலம் புண்ணாகும். விழியின் உட்பகுதியிலும் அழற்சி ஏற்படும். ஆதார் எதனை முதற்சான்றாகக் கொண்டதோ அதனையும், அது தவறினால் எதனை நாடியதோ அதனையும் இந்நோய் சேர்த்தே எடுத்துவிடுகிறது.

இவர்கட்குச் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. ஆதார்ச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு மாற்றுத்திறனாளிகளுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யுமாறு பணிக்கிறது. அதற்கு முன்னரே 2014-இல் ஆணையம் உடலடையாள விலக்குக்கான வழிமுறைகளை வகுத்திருந்தது. விலக்கு கோருவோர் முகமும் இரு கைகளும் தெரியுமாறு தனியாக ஓர் ஒளிப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 1959-ஆம் ஆண்டுச் சட்டம் உதவி பெறுவதற்காக உறுப்புக் குறையைக் காட்டுவதைக் குற்றமென்றது. அரைநூற்றாண்டுக்குப் பின் வந்த முறை, உதவி பெற அக்குறையைக் காட்டியாக வேண்டும் என்றது. இரண்டும் ஒன்றல்ல, பின்னதன் நோக்கம் உதவி வழங்குதலே. ஆயினும் இரண்டிலும் கையை நீட்டிக் காட்டுபவர் ஒருவரே.

விதி இருந்தும் அது கடைக்கோடிப் பதிவு மையத்தை எட்டவில்லை. 2023-இல் கேரளத்தின் குமரகத்தில் விரல்களற்ற பெண்ணொருவர்க்கு ஆதார் மறுக்கப்பட்டு, நடுவண் அமைச்சர் தலையிட்ட பின்னர் வழங்கப்பட்டது. விரலோ விழியோ இரண்டுமோ பதிய இயலாத ஏறத்தாழ 29 லட்சம் பேர்க்கு அதுவரை எண் வழங்கப்பட்டிருப்பதாக அப்போது அரசு தெரிவித்தது. 29 லட்சம் என்பதை விதிவிலக்கு என்று சொல்வது பொருந்துமா என்பது எண்ணற்பாலது. ‘விலக்கு’ என்னும் தமிழ்ச் சொல் கடமையிலிருந்து விடுவித்தலையும் ஊரிலிருந்து ஒதுக்குதலையும் ஒருசேரக் குறிப்பது. தொழுநோயர் இரண்டாம் பொருளை நூற்றாண்டுகளாக அறிந்தவர். முதற்பொருளைப் பெறுவதற்கு அலுவலகம் அலுவலகமாக நடக்க வேண்டியவர்.

உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார்த் திட்டத்தைப் பெரும்பான்மையால் ஏற்றது. மெய்ப்பித்தல் தோல்வியுற்றதற்காகத் தகுதியுடைய எவர்க்கும் உதவி மறுக்கப்படாது என்னும் அரசின் உறுதிமொழியை அத்தீர்ப்பு பதிவு செய்தது. மாறுபட்ட நீதிபதி டி. ஒய். சந்திரசூட், அரசமைப்பு தரும் உறுதியைத் தொழில்நுட்பத்தின் நிலையாமைக்கு உட்படுத்துதல் ஆகாது என எழுதினார். இவ்விரண்டு நிலைப்பாடுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடே இப்பொருளின் அறவியல் மையம். முதலாவது, தவறு நேர்ந்தபின் திருத்தலாம் என்கிறது. இரண்டாவது, எவர்மீது தவறு நேரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும்போது அதனைத் தவறு எனல் தகாது என்னும் முடிவுக்கு இட்டுச்செல்கிறது. தொழுநோயரைப் பொறுத்தவரை இரண்டாவதே ஏற்கத்தக்கது. கருவியின் வடிவமைப்பாளர் எந்த மருத்துவ நூலைப் புரட்டியிருந்தாலும் இதனை அறிந்திருக்க முடியும்.

கண்சிமிட்டல்

விரலையும் விழியையும் விட்டு முகத்துக்கு வந்தது அடுத்த கட்டம். இந்திய ரிசர்வ் வங்கி 2020 சனவரியில் காணொளிவழி வாடிக்கையாளர் அடையாளம் காணும் முறையை ஏற்றது. ஓய்வூதியர் வாழ்வுச் சான்றுக்கு 2014-இல் வந்த மின்முறையில், 2021 இறுதியில் முகமறிதல் சேர்க்கப்பட்டது. ஹெர்ஷல் ஓய்வூதியரிடம் விரல் கேட்டது 1877-இல் என்பதை இதனோடு இணைத்துப் பார்க்கலாம். ஒளிப்படத்தைக் காட்டி ஏமாற்றுவதைத் தடுக்க, எதிரில் இருப்பவர் உயிருள்ளவர் என்பதை உறுதிசெய்யக் கண்சிமிட்டுமாறு செயலி கோருகிறது. இமை மூடாதவர் இக்கருவியின் கணக்கில் உயிரற்றவர்.

இதனை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றோர் தொழுநோயர் அல்லர். அமில வீச்சில் முகமும் விழியும் சிதைந்தவர்களும் பார்வையற்ற ஒருவரும் ஆவர். பிரக்யா பிரசூன் எதிர் இந்திய ஒன்றியம் என்னும் வழக்கிலும் அதனோடு இணைந்த வழக்கிலும் நீதிபதிகள் ஜே. பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. மின்வழிச் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்பின் 21-ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என அமர்வு கூறி, இருபது நெறிமுறைகளை வகுத்தது. உயிர்ப்பைச் சரிபார்க்கக் கண்சிமிட்டல் அல்லாத வழிகளும் வேண்டும்; தாள்வழி அடையாளச் சரிபார்ப்பு தொடர வேண்டும்; கருவி ஒருவரைத் தள்ளினால் மனிதர் ஒருவர் அதனை மறுபடி நோக்க வேண்டும்; செயலிகளைச் சோதிக்கும் கட்டத்திலேயே பார்வையற்றோர் பங்குபெற வேண்டும் என்பன அவற்றுட் சில.

இறுதியாகச் சொன்ன நெறிமுறை ஏனையவற்றினும் தொலைநோக்குடையது. மற்றவை விலக்கை எளிதாக்குகின்றன. இதுவோ விதி எழுதப்படும் இடத்துக்கே மாற்றுத்திறனாளியை அழைத்துவருகிறது. ஜாக்கினின் கூட்டமைப்பு கணக்கெடுப்பில் செய்ததும், மேரி வர்கீஸ் அறுவை அரங்கில் செய்ததும் இதனோடு ஒருவகையில் ஒத்தனவே. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளை ஏற்று, அமில வீச்சுக்கு ஆளானோரையும் தொழுநோய் நீங்கியோரையும் ஒரே பட்டியலில் வைத்திருப்பதால், இத்தீர்ப்பின் பயன் தொழுநோயர்க்கும் உரியதென வாதிட இடமுண்டு. ஒரு குறிப்பு மட்டும் வேண்டும். அச்சட்டம் நோய் நீங்கியவரையே கூறுகிறது. மருத்துவம் பெற்றுவரும் காலத்திலேயே கை மடங்கி இமை செயலிழந்தவர் அத்தொடருக்குள் வருவாரா என்பதனைச் சட்டவாசகம் தெளிவாக்கவில்லை.

தாராவியிலிருந்து தேவ்நாருக்கு

தாராவி மறுகட்டமைப்புக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனி எண் இடப்பட்டது. வானூர்திப் படமெடுப்பும் லேசர் அளவீடும் கொண்டு சந்துகளின் மின்வடிவம் உருவாக்கப்பட்டது. களப்பணியாளர் கைப்பேசிச் செயலியில் சான்றுகளைப் பதிந்தனர். 2000 சனவரி 1-க்கு முன்னர்த் தரைத்தளத்தில் குடியிருந்தமைக்குச் சான்று காட்டுவோர் தாராவியிலேயே வீடு பெறத் தகுதியுடையோர் என வகுக்கப்பட்டது. ஏனையோர்க்கு நகரின் பிற இடங்களில் மாற்றிடம் வழங்கத் திட்டமிடப்பட்டது. அவ்விடங்களுள் ஒன்றாக, தேவ்நார்க் குப்பைமேட்டின் 124 ஏக்கர் நிலத்தை ஒதுக்க மாநில அமைச்சரவை 2024-இல் ஒப்புதல் அளித்தது.

சான்று காட்டுதல் என்பது உடல்நலமுள்ளவர்க்கே அலைச்சல் தருவது. பெயர் நீக்கப்பட்ட அட்டை, முன்னாளில் விடுதியில் கழித்த ஆண்டுகள், ஒளிப்படத்தில் இருந்த விரல் இன்று இல்லாமை, அலுவலகப் படியேற இயலாமை என இவை அனைத்தும் ஒருவரது குடியிருப்பின் தொடர்ச்சியை அறுக்கக் கூடியவை. அறுந்த தொடர்ச்சியைச் செயலியின் கட்டம் ‘சான்றில்லை’ என்றே படிக்கும். 1890-இல் தொழுநோயரை மாதுங்காவுக்கு அனுப்பியபோது அதற்கு ஓர் ஆணையரும் காவலரும் தேவைப்பட்டனர். ஆணையிட்டவர் பெயர் மருத்துவமனையின் வாயிலில் இன்றும் இருக்கிறது. கட்டத்தில் விழும் குறிக்கு அத்தகைய பெயர் இல்லை. அதனால்தான் 2025-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வங்கிகளிடம் கேட்ட மனித மறுநோக்கு, வீட்டுத் தகுதியை முடிவுசெய்யும் இடத்தில் இன்னும் கூடுதலாக வேண்டப்படுகிறது. தகுதியற்றோர் பட்டியலை எதிர்த்து முறையிடும் வழி ஏட்டில் உள்ளது. அதனை நாடுவோர் எழுத்துவடிவில் விண்ணப்பித்து, அதில் ஒப்பமிட வேண்டும். ஒப்பமிட இயலாதோர் பெருவிரல் ரேகை பதிக்க வேண்டும்.